பெரிய மிஸ்ஸிக்கு வந்த பொதி

அந்த வருஷம் நோன்பும் பட்ஜெட்டும் ஒரே மாதத்தில் வந்து சேர்ந்தன. நோன்பு எப்போது வரும் என்பதைப் பிறை சொல்லிவிடும். பட்ஜெட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதை யார் சொல்வது? வந்த பிறகுதான் தெரிந்தது. தாதிமாரின் அடிப்படைச் சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டு, முறை முடிந்த பிறகும் நிற்கிற மிச்ச நேர வேலைக்குக் கொடுக்கும் காசில் கையை வைத்திருந்தார்கள். பொரித்த மீனைத் தட்டில் வைத்துவிட்டுச் சோற்றைத் தூக்கிக்கொண்டு போன மாதிரி இருந்தது அது.

ஸுல்பிகாவுக்கு உடனே கோபம் வரவில்லை. அவள் கோபக்காரி இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கோபத்தை எங்கே செலவழிக்க வேண்டுமோ அங்கேதான் செலவழிப்பாள், அவ்வளவுதான். குடாவை ஒட்டிய அந்தச் சின்ன அரசாங்க ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டுக்குப் பொறுப்பான தாதி அவள். இருபது வருஷத்துக்கு மேலாக அங்கேதான் இருக்கிறாள். ஊரில் பாதிப் பேரின் தொப்புள்கொடியை வெட்டிய கை அவளுடையது. அதனால் ஊருக்கு அவள் பெரிய மிஸ்ஸி. கல்யாண வீடுகளில் அவளைக் கண்டால் மீசை வைத்த ஆண்பிள்ளைகள்கூடக் கொஞ்சம் கூச்சத்தோடுதான் சலாம் சொல்வார்கள்.

அவளுக்கு அந்த வார்டு பிடிக்கும். வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு காலையில் உள்ளே நுழையும்போது, சொந்த வீட்டுக் குசினிக்குள் போகிற மாதிரி ஒரு தெம்பு வரும். ஜன்னலைத் திறந்தால் குடாத் தண்ணீர், தூரத்தில் பாலம். மதிலுக்கு அந்தப் பக்கம் ஜவாஹிர் ஹாஜியார் மீன் காய வைக்கிற கருவாட்டு வாடி. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் வார்டு முழுக்கக் கருவாட்டு வாசம்தான். புதிதாக வந்த டொக்டர்மார் மூக்கைச் சுளித்தால், இந்த ஊர்ப் பிள்ளைகள் முதல் மூச்சிலேயே இதைத்தான் இழுக்கிறார்கள், அதனால்தான் நோய் நொடி கிட்ட வருவதில்லை என்று சொல்லிச் சிரிப்பாள்.

அந்த வார்டில் அவள் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். இரவில் இரண்டு மிஸ்ஸிமார் இருக்க வேண்டும். ஒருத்தி தாய்க்கு, ஒருத்தி பிள்ளைக்கு. பிரசவம் நல்லபடியாக நடந்தால் ஒருத்தியே போதும். நல்லபடியாக நடக்குமா இல்லையா என்பதை முன்கூட்டியே எழுதி அனுப்புகிற தாய் எவளும் இதுவரை வந்ததில்லை. அந்த இரண்டாவது மிஸ்ஸி ஒவ்வொரு இரவும் மிச்ச நேர வேலையில் நிற்பவள். ஆளணி போதாது என்பதால் பல வருஷமாக அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. மிச்ச நேர வேலையைக் குறைக்கட்டாம். இரவுக்கு ஒரு மிஸ்ஸி போதுமாம். பெரிய டொக்டர் ஸுல்பிகாவைக் கூப்பிட்டு, ஒரே ஒருத்தியை வைத்துக்கொண்டு இரவில் பிரசவ அறையைத் திறந்து வைக்கத் தன் மனச்சாட்சி இடம் கொடுக்காது என்றார். சுற்றறிக்கை மாறாவிட்டால் பெருநாளுக்குப் பிறகு இரவில் அறையைப் பூட்ட வேண்டியதுதான். வலி வருகிற பெண்களைப் பாலம் தாண்டி டவுன் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்ற வேண்டியதுதான். அப்போதுதான் ஸுல்பிகாவுக்குக் கோபம் வந்தது. தன் வீட்டுச் செலவு இடிக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அவளுடைய கணவர் ஹஸ்மியின் மோட்டார் சைக்கிள் சாமான் கடையை நம்பி உலை வைக்க முடியாது. ஆனால் அவளைச் சுட்டது அந்த அறைக்குப் பூட்டுப் போடுவதுதான்.

தாதிமார் சங்கம் நாடு முழுக்கப் பகல் சாப்பாட்டு நேரத்தில் போராட்டம் என்று அறிவித்தது. நோயாளிகளுக்கு இடைஞ்சல் இல்லாமல், சாப்பாட்டு இடைவேளையைத் துறந்து வாசலில் நிற்பது. நோன்பு மாதத்தில் துறப்பதற்கு ஸுல்பிகாவிடம் எந்தச் சாப்பாடும் இருக்கவில்லை. லிங்கநகரிலிருந்து பஸ்ஸேறி வேலைக்கு வரும் சுலோஜனாதான், தன் சோற்றுப் பார்சலை மேசையில் ஏக்கத்தோடு வைத்துவிட்டு வந்தாள். உண்மையான தியாகி இவள் ஒருத்திதான் என்று ஸுல்பிகா கேலி செய்தாள். சுலோஜனா இளம்பிள்ளை, குரல் நல்ல குரல். ஒலிபெருக்கியை அவள் கையில் கொடுத்தார்கள். இந்தச் சம்பளத்தில் எங்கள் வீட்டில் அடுப்பெரியாது என்று அவள் உருக்கமாகப் பேசினாள். வீதியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அதில் ஜவாஹிர் ஹாஜியாரும் ஒருவர்.

ஹாஜியாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கருவாட்டு வியாபாரி, பள்ளிவாசல் நிர்வாகத் தலைவர், ஆஸ்பத்திரி அபிவிருத்திச் சங்கத்துக்கும் அவரே தலைவர். வார்டில் சுற்றுகிற மின்விசிறிகள் அவர் வாங்கிக் கொடுத்தவை. ஒவ்வொன்றின் இறக்கையிலும் அவர் வாப்பாவின் பெயர் சுற்றும். மனம் தங்கம். ஆனால் யாருக்காவது உதவி செய்ய வேண்டும் என்று தோன்றிவிட்டால், அந்த ஆளுக்கு உதவி வேண்டுமா என்று கேட்கிற பழக்கம் அவரிடம் இல்லை. அடுப்பெரியாது என்ற சொல் அவர் நெஞ்சில் போய்த் தைத்தது. எங்கள் பிள்ளைகளை ஏந்தியெடுக்கிற கைகள் நோன்பு மாதத்தில் பட்டினி கிடக்கின்றனவா என்று அவர் அன்றிரவு தூங்கவில்லையாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு சின்ன லொறி வந்து நின்றது. லொறியின் நெற்றியில் ஒரு பதாகை. ‘தாதியருக்கு ஸகாத் உலருணவுப் பொதி’. கீழே பள்ளிவாசல் ஸகாத் நிதியின் பெயர். வசதியுள்ளவர்கள் தங்கள் பொன்னிலும் பொருளிலும் வருஷத்துக்கொரு முறை ஏழைகளுக்கென்று பிரித்துக் கொடுக்க வேண்டிய பங்குதான் ஸகாத். அந்த லொறி ஒவ்வொரு நோன்பிலும் விதவைகளின் வாசலிலும் நடக்க முடியாதவர்களின் வாசலிலும்தான் நிற்கும். இந்த முறை பெரிய மிஸ்ஸியின் வாசலில் நின்றது. அரிசி, பருப்பு, சீனி, பேரீச்சம்பழம் எல்லாம் பைகளில் கட்டித் தயாராக இருந்தன. கூட வந்தவர்கள் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஸுல்பிகா வார்டு ஜன்னலால் பார்த்தாள். காது மடல் சூடாகியது. உடம்பில் ஓடிய ரத்தம் முழுக்க முகத்துக்கு ஏறியது போல் இருந்தது. வெட்கம்தான் அது, வேறு பெயர் இல்லை. அவள் தன் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஹாஜியார் அவள் வருவதற்கு முன்பே வார்டுச் சுவரோரம் நிழலுக்கு வந்து, வேர்வையைத் துடைத்தபடி, முகம் நிறையச் சந்தோஷத்தோடு நின்றார்.

“என்ன மிஸ்ஸி, நீங்கெல்லாம் பட்டினியாம். எங்கட ஊர்ல, அதுவும் நோன்பு மாசத்தில, இதப் பாத்துக்கொண்டு இருக்கிறதா நாங்க?”

இது எந்தக் காசு என்று ஸுல்பிகா கேட்டாள். சந்தேகமே வேண்டாம், ஸகாத் நிதி, சுத்தமான காசு என்றார் அவர். ஸுல்பிகா கைப்பையைத் திறந்து ஒரு கடித உறையை எடுத்தாள். தன் நகைகளுக்கு அந்த வருஷம் கொடுக்க வேண்டிய பங்கை அதில் அவள் மடித்து வைத்திருந்தாள்.

“இது என்ட ஸகாத், ஹாஜியார். இண்டைக்குப் பின்னேரம் உங்கட நிதிக்குக் குடுத்தனுப்பத்தான் வெச்சிருந்தனான். இத ஒரு கையால வாங்கி, மத்தக் கையால எனக்குப் பொதி தருவீங்களா?”

ஹாஜியார் உறையைப் பார்த்தார், லொறியைப் பார்த்தார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார்களே என்ற மனவருத்தம் அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. பள்ளிவாசலிலிருந்து தினமும் பின்னேரம் வார்டுக்கு நோன்புக் கஞ்சி வருகிறதே, அதை மட்டும் வாளியோடு வாங்குகிறீர்கள்தானே என்று மெல்லக் கேட்டார்.

“கஞ்சி ஊருக்கெல்லாம் காய்ச்சிறது. நீங்களும் குடிக்கிறீங்க, நானும் குடிக்கிறன். பொதி அப்படியா?” ஸுல்பிகாவின் குரல் உயரவில்லை. “நாங்க ஏழையெண்டு கேக்கல்ல. ராத்திரி ராத்திரியா நிண்டு செஞ்ச வேலைக்குக் கூலி கேக்கிறம். கூலிய ஸகாத்தாக் குடுக்க ஏலுமா? நீங்களே சொல்லுங்க.”

அந்தக் கேள்விக்குப் பதில் ஹாஜியாருக்கு நன்றாகத் தெரியும். சில வருஷங்களுக்கு முன் வியாபாரம் படுத்துக் கிடந்தபோது, வேலையாட்களின் சம்பளத்தை ஸகாத் கணக்கில் கழிக்கலாமா என்று அவரே மௌலவியிடம் போய்க் கேட்டவர். கூலி கடன், ஸகாத் கொடை, கடனைக் கொடையாகக் கழிக்க முடியாது என்று மௌலவி சொன்னார். அந்தக் கதையை ஹாஜியார் தன் நேர்மைக்குச் சாட்சியாக ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். ஸுல்பிகாவிடமே இரண்டு தடவை சொல்லியிருக்கிறார்.

ஏலாதுதான் மிஸ்ஸி என்று அவர் முணுமுணுத்தார். பிறகு போய் லொறியில் ஏறினார். கூட வந்தவர்கள் பதாகையைச் சுருட்டினார்கள். லொறி விதவைகளின் தெருப்பக்கம் திரும்பியது.

இதையெல்லாம் வார்டு ஜன்னலுக்கு உள்ளே நின்று ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்தாள். சுஹைரா என்று பெயர். ஹாஜியாரின் வாடியில் மீன் வெட்டிக் காய வைக்கிறவள். மகள் மின்ஹாவுக்குத் தலைப்பிரசவம். வீடு தூரம் என்பதால் முன்கூட்டியே வார்டில் சேர்த்துவிட்டுத் துணைக்கு இருந்தாள்.

ஸுல்பிகா அன்று வீட்டில் நோன்பு திறக்கும்போதும் பகலில் நடந்ததையே நினைத்துக்கொண்டிருந்தாள். சரியாகத்தான் சொன்னாள், அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஊரைப் பகைத்துக்கொண்டு ஊர் ஆஸ்பத்திரியைக் காப்பாற்றுவது எப்படி? போதாததற்கு லொறியும் பதாகையும் எடுத்த படம் அதற்குள் பேஸ்புக்கில் ஏறிவிட்டது. லொறி திரும்பிப் போன படத்தை யாரும் போடவில்லை. திங்கட்கிழமை மேலிடத்து உத்தியோகத்தர் நேரில் விசாரிக்க வருகிறாராம். தாதிமாரின் பிரச்சினையை ஊரே தீர்த்துவிட்டது என்று அவர் நினைத்துவிட்டால் கதை முடிந்தது. ஹஸ்மி கஞ்சியை ஊதியபடி, ஹாஜியாரையே திருப்பி அனுப்பிவிட்டாயே, இனி என் கடைக்கு யார் வருவார்கள் என்று கேட்டார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, வராவிட்டால் போகட்டும், அவர் மோட்டார் சைக்கிள் எப்படியும் திருத்த முடியாத கேஸ் என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மனிதரிடம் கோபமாக இருக்கவே முடியாது.

அன்றிரவு ஸுல்பிகாவுக்கும் சுலோஜனாவுக்கும்தான் முறை. மின்ஹாவுக்கு வலி வந்தது. விடியுமுன் நோன்புக்குச் சாப்பிடுகிற ஸஹர் நேரத்துக்குக் கொஞ்சம் முன்பு பிள்ளை பிறந்தது. பெண்பிள்ளை. ஆனால் அழவில்லை. அதே நேரத்தில் தாய்க்கு ரத்தம் பெருகத் தொடங்கியது. இப்படியொரு நேரத்துக்காகத்தான் ஸுல்பிகா அந்தச் சட்டத்தை வைத்திருந்தாள். பிள்ளை சுலோஜனாவின் கைக்குப் போனது, தாய் அவளுடைய கையில். ஒருத்தி சின்ன நெஞ்சுக்கு மூச்சு ஊட்டிக்கொண்டிருந்தாள், மற்றவள் தாயின் அடிவயிற்றை அமுக்கிப் பிடித்தபடி மருந்தை ஏற்றினாள். டொக்டர் விடுதியிலிருந்து ஓடி வந்து சேர்ந்தபோது பிள்ளை கத்திக்கொண்டிருந்தது, ரத்தம் அடங்கிக்கொண்டிருந்தது. சுஹைரா கதவோரத்தில் சுவரைப் பிடித்தபடி நின்று நான்கு கைகளையும் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

ஸுல்பிகா ஸஹர் சோற்றை அவசரமாக நான்கு வாய் அள்ளிப் போட்டு, பாங்கு சொல்வதற்குள் தண்ணீரைக் குடித்தாள். அந்தச் சோறு ஆறிப் போயிருந்தது, ஆனால் அவளுக்கு அமிர்தமாக இருந்தது.

திங்கட்கிழமை காலையில் உத்தியோகத்தர் வந்தார். நல்ல மனிதர்தான், அதிகம் வேர்க்கிற மனிதர். தாதிமார் வாசலில் வரிசையாக நின்றார்கள். அவர் காரிலிருந்து இறங்கும்போதே சிரித்த முகமாக, பேஸ்புக்கில் பார்த்தேன், ஊர் மக்கள் இப்படித் தோள் கொடுப்பது பெரிய விஷயம் என்றார். அரசாங்கத்தின் கையிலும் காசு குறைவு. இரவுக்குத் தேவையான இரண்டாவது ஆளின் செலவை அபிவிருத்திச் சங்கமே ஏதாவது வழி பண்ணிப் பார்த்துக்கொண்டால் சுற்றறிக்கைக்கும் மரியாதை, ஊருக்கும் நன்மை என்றார்.

ஸுல்பிகா பயந்தது அப்படியே நடந்துவிட்டது. இன்று ஊர் கொடுக்கும். அடுத்த வருஷம் மீன்பாடு குறைந்தால்? கொடுக்கிறவர் மனம் மாறினால்? ஹாஜியாருடைய வாப்பாவின் பெயர் போட்ட மின்விசிறி போல, ஒரு மிஸ்ஸியையும் முதுகில் பெயர் எழுதி நிறுத்த வேண்டியதுதானா? அவள் பேச வாய் திறப்பதற்குள் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் கேட்டது. வாடியின் பின்கதவு திறந்து, ஜவாஹிர் ஹாஜியார் வெள்ளைத் தொப்பியோடு வந்தார். அவருக்குப் பின்னால் வாடியில் வேலை செய்யும் பெண்கள், படகுக்காரர்கள், பள்ளியில் தொழுதுவிட்டு வந்தவர்கள். கோயிலடிப் பக்கத்துக் கடைக்காரர்களும் சிலர் இருந்தார்கள். கருவாட்டு வாசத்தோடு ஊரே வந்து வாசலில் நின்றது.

சண்டைக்கு வருகிறாரோ என்றுதான் ஸுல்பிகா நினைத்தாள். ஹாஜியார் அவளைப் பார்க்கவில்லை. நேரே உத்தியோகத்தரிடம் போனார்.

“சேர், இவங்களுக்கு ஸகாத் குடுக்கப் போய் இந்த மிஸ்ஸிக்கிட்ட நல்லா வாங்கிக் கட்டினவன் நான்தான்,” என்றார். “அபிவிருத்திச் சங்கத் தலைவரும் நான்தான். விசிறி கேளுங்க, தாறன். கட்டில் கேளுங்க, தாறன். இது விசிறி இல்ல சேர், கூலி. கூலிய வேலை வாங்கிறவன்தான் குடுக்கோணும். நாங்க வரி கட்டிறமே, அது எதுக்கு?”

பிறகு குரலைத் தாழ்த்தி, சனிக்கிழமை விடியற்காலை என் வாடிப் பெண்ணின் மகளுக்கு நடந்ததை நீங்கள் கேட்க வேண்டும் என்று சுஹைராவை முன்னுக்கு விட்டார். சுஹைராவுக்குப் பெரிய பேச்சு வராது. அன்றைக்கு ஒரு மிஸ்ஸிதான் இருந்திருந்தால் மகளா பேத்தியா என்று நான் தெரிவு செய்ய வேண்டி வந்திருக்கும் என்று மட்டும் சொன்னாள். உத்தியோகத்தர் லேஞ்சியை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

அவர் பெரிய டொக்டரின் அறைக்குள் போய் நெடுநேரம் போனில் பேசினார். வெளியே வந்தபோது, பிரசவ வார்டுக்கு விதிவிலக்குக் கிடைத்திருக்கிறது, இரவில் இரண்டு பேர் தொடரலாம், எழுத்தில் இந்த வாரமே வரும் என்றார். வந்தது. மிச்ச நேரக் காசை எந்தக் கணக்கில் தருவது என்பது கொழும்பு தீர்மானிக்க வேண்டிய காரியம். அதற்குச் சங்கம் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருக்கிறது. ஸுல்பிகா அதிலும் விட்டுக்கொடுக்கிற எண்ணத்தில் இல்லை. ஆனால் அறைக்குப் பூட்டு விழவில்லை. அன்று பகல் அவள் வார்டில் நடந்த நடையைப் பார்த்த சுலோஜனா, சிஸ்டர் காலில் சைக்கிள் சில்லுப் பூட்டியிருக்கிறார் என்றாள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் ஹாஜியாருக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். ஆனால் உபதேசம் செய்கிறவர் வாசலில் நின்று, தன் வேலையாட்கள் எல்லோரும் கேட்க உரத்த குரலில் செய்தால் அது வீடு வரைக்கும் கூடவே வரும். ஹாஜியாரின் வாடியில் நாட்கூலி ஒழுங்காக நடக்கும், ஒரு சதம் குறையாது. ஆனால் மீன் அதிகமாக விழுகிற காலத்தில் பெண்கள் இருட்டின பிறகும் நின்று வெட்டிக் கொடுப்பார்கள். அந்த நேரத்தைக் கூலி என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. வீட்டுப் பிள்ளைகள் ஒத்தாசை செய்கிற மாதிரி என்று நினைத்திருந்தார். அதற்குப் பதிலாக ஒவ்வொரு நோன்பின் கடைசிப் பத்து நாளிலும் ஆளுக்கொரு ஸகாத் பொதி கொடுப்பார். அவர்களும் ஹாஜியாரின் கை இன்னும் நிறைய வேண்டும் என்று துஆ கேட்டுக்கொண்டு வாங்கிப் போவார்கள்.

இந்த முறை வரிசையில் முதலில் நின்ற சுஹைரா பொதியை வாங்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, மரியாதையாகத்தான் கேட்டாள்.

“ஹாஜியார், இது ஸகாத்தா, கூலியா?”

ஸகாத்தான் என்றார் அவர். அப்படியானால் இருட்டின பிறகு நாங்கள் வெட்டினதுக்குக் கூலி எங்கே என்று அவள் கேட்டாள். வரிசையில் ஒருத்தியும் பொதியைத் தொடவில்லை.

இதை ஸுல்பிகாவிடம் வந்து சொன்னவர் ஹாஜியாரேதான். வார்டு வாசலில் நின்று, பாதிக் குற்றச்சாட்டும் பாதிச் சிரிப்புமாகச் சொன்னார். அன்று முழுக்கக் கோபத்தில் இருந்தாராம். இரவு தராவீஹ் தொழுகையில் நிற்கும்போதுதான் மௌலவி சொன்னது திரும்ப ஞாபகம் வந்ததாம். கடனைக் கொடையாகக் கழித்துக்கொண்டு இத்தனை வருஷமாக ஸகாத் கொடுத்தேன் என்று நெஞ்சை நிமிர்த்தித் திரிந்திருக்கிறேனே மிஸ்ஸி என்று அவர் சொன்னபோது கண் கலங்கியிருந்தது. அடுத்த நாளே எல்லோருக்கும் அப்படி நின்று வெட்டின நேரத்துக்குக் கூலியைத் தீர்த்துவிட்டார். இனி இருட்டின பிறகு நின்றால் அதற்கு வேறு கூலி என்றும் சொல்லிவிட்டார்.

“அண்டைக்கு நீங்க அந்த ஜன்னலச் சாத்திப்போட்டு எனக்கு ஏசியிருக்கலாம், மிஸ்ஸி.”

“வார்டுக்குக் காத்து வேணுமே ஹாஜியார்,” என்றாள் ஸுல்பிகா.

பெருநாள் வந்தது. பெருநாளில் சுலோஜனாவும் இன்னொரு தமிழ்ப் பிள்ளையும் வார்டைப் பார்த்துக்கொள்வார்கள். தைப்பொங்கலிலும் தீபாவளியிலும் ஸுல்பிகாவும் மற்ற முஸ்லிம் மிஸ்ஸிமாரும் நிற்பார்கள். அது அங்கே எழுதாத சட்டம். ஸுல்பிகா புதுச்சேலை உடுத்து, வீட்டில் பலகாரத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் சுஹைரா வந்து நின்றாள். கையில் மூடி போட்ட ஒரு பெரிய கோப்பை. ஹாஜியார் வீட்டு வட்டிலப்பம்.

“ஹாஜியார் சொல்லச் சொன்னார் மிஸ்ஸி. இது ஸகாத்துமில்ல, கூலியுமில்லயாம். பயப்படாம எடுக்கட்டாம்.”

ஸுல்பிகா வாய்விட்டுச் சிரித்தாள். மூடியைத் திறந்தால் கித்துள் கருப்பட்டியும் ஏலமும் கமகமத்தன. வார்டில் நிற்கிற இருவருக்கும் முதலில் ஒரு பங்கு எடுத்து வைத்தாள். பிறகு கோப்பையைக் கழுவித் துடைத்து, தான் கிண்டிய தொதலைத் துண்டு துண்டாக அடுக்கி நிரப்பினாள். ஸகாத் பொதி வந்த பை திரும்பிப் போவதில்லை. பெருநாள் கோப்பை வெறுமையாகத் திரும்பக் கூடாது. ஊர் வழக்கம் அது.

சுஹைராவுக்கும் ஒரு பை பலகாரம் கட்டிக் கொடுத்தாள். மகளையும் பேத்தியையும் விசாரித்தாள். இருவரும் சுகம், பேத்திக்கு இப்போது வாடி முழுக்கக் கேட்கிற குரல் என்றாள் சுஹைரா. போகத் திரும்பியவள் படியில் நின்றாள். பெருநாள் தொழுகைக்கு முன்பு, அன்றைய சாப்பாட்டுக்கு மேல் கையிலிருக்கிற ஒவ்வொரு வீட்டாரும், கைக்குழந்தை உட்படத் தலைக்கு இவ்வளவு என்று, இல்லாதவர்களுக்கு அரிசி கொடுப்பார்கள். பித்ரா என்பது அதுதான். சின்ன வயதிலிருந்து சுஹைராவின் வீட்டுக்கு அந்த அரிசி வந்துகொண்டேதான் இருந்தது. அவள் உம்மா வாங்கினாள், பிறகு அவள் வாங்கினாள். ஸுல்பிகாவே சில வருஷம் அந்த வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறாள்.

“இந்த முறை நாங்க பித்ரா வாங்கல்ல மிஸ்ஸி,” என்றாள் சுஹைரா. “குடுத்தனாங்க. பேத்திக்கும் சேத்து.”

சொல்லிவிட்டு முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, தொதல் கோப்பை சரியாதபடி இரண்டு கையாலும் பிடித்தபடி ஒழுங்கையில் இறங்கி நடந்தாள். அவள் முனை திரும்பும் வரைக்கும் ஸுல்பிகா வாசலிலேயே நின்றாள். உள்ளேயிருந்து ஹஸ்மி, எனக்கு வட்டிலப்பம் மிச்சம் இருக்கிறதா இல்லையா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.